செத்த காலேஜில் டாக்டரின் கட்டைவிரல்

சென்ற மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுகாதார நிலையத்தில் ஒரு சிறு விழா நடந்தது. பழைய ஊழியர்களுக்குச் சால்வை போர்த்திவிட்டு, "அஞ்சு நிமிஷம் பேசுங்க சார்" என்றார்கள். முப்பத்து நாலு வருஷம் புண் கழுவியவனுக்கு அஞ்சு நிமிஷம் எந்த மூலைக்கு? நாற்பது நிமிஷம் பேசினேன். டீ ஆறி, ஏடு கட்டிவிட்டது. கடைசியில் ஒரு நர்ஸ் பெண் மேடையேறி வந்து, "மிச்சத்த எழுதிக் குடுத்துருங்க சார், நாங்க படிச்சிக்கிறோம்" என்று மிக மரியாதையாக என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். அந்த மிச்சம்தான் இது.

விழாவுக்கு முன்னால் அந்தப் பெண் ஒருவருக்கு ஊசி போட்டதைப் பார்த்தேன். உறையைக் கிழித்தாள், குத்தினாள், குத்தியதை அப்படியே வாளியில் போட்டுவிட்டாள்.

"ஒரு தடவதானாம்மா?"

"ஒரு தடவதான் சார்."

எங்கள் காலத்தில் ஒரே ஊசி ஒரு ஊருக்கே வரும். கொதிக்க வைப்போம், குத்துவோம், முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவோம், மறுபடி கொதிக்க வைப்போம். நிலையத்துக்கு வெளியே நின்று பார்த்தால், உள்ளே யாரோ ஓயாமல் சமைத்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். நான் சொல்லப்போவது அந்தக் காலத்துக் கதை. எழுபதுகளின் நடுவில், மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி இருந்த ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் நடந்தது.

நான் டிரெஸ்ஸர். புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுகிறவன். இந்தப் பதவிப் பெயரால் பட்ட பாடு கொஞ்சமல்ல. "மாப்ள ஆஸ்பத்திரில டிரெஸ்ஸரு" என்று தரகர் சொன்னதை வைத்து, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு உடுப்புத் தைக்கிறவன் என்று என் மாமனார் முடிவு செய்துவிட்டார். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மூன்று கஜம் பாப்ளின் துணியோடு என் எதிரில் வந்து கையை விரித்து நின்றார், அளவெடுப்பதற்கு. தையல் எனக்கும் தெரியும், ஆனால் அது தோலில் மட்டும் என்று விளக்கியபோது அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என் மனைவி நடித்துக் காட்டுவாள்.

பயிற்சி ஒரு வருஷம், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். ஆறு மாதம் பஞ்சு உருட்டினேன். மூன்று மாதம் கட்டுத்துணி சுற்றினேன். மிச்சம் மூன்று மாதம், உருட்டியதும் சுற்றியதும் சரியில்லை என்று திட்டு வாங்கினேன். அதோடு உப்பளக்கரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் சபாபதி. நாற்பது வயது, ஒல்லி, வெள்ளைச் சட்டை. கெட்டிக்காரர், ஒரு பொய் சொல்ல மாட்டார், லஞ்சம் வாங்க மாட்டார். ஆனால் எதையும் தொட மாட்டார். கிருமி என்றால் அவருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி. கதவை முழங்கையால்தான் திறப்பார். அதனால் அவருடைய சட்டைகளிலெல்லாம் வலது முழங்கை மட்டும் நைந்திருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக சோப்பு டப்பா. நோயாளி வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். "திரும்பு. குனி. நாக்கை நீட்டு. போதும், உள்ளே வெச்சிக்கோ." பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். தொடுகிற வேலையெல்லாம் எனக்கு. நான் தொடும்போதும் பின்னாலிருந்து, "கோவிந்தராசு, அதைத் தொடாதே, இதைத் தொடாதே" என்று குரல் வந்துகொண்டே இருக்கும். ஆபரேஷன் என்றால் மட்டும் கால் மணி நேரம் கை கழுவி, உறை போட்டுக்கொண்டு உட்காருவார். அப்போது அந்த விரல்கள் வேலை செய்கிற அழகே அழகு. உப்பளத்துப் பெண்கள் அவருக்கு 'தொடா டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் அஞ்சலாட்சி. ஐம்பதை நெருங்கிய, உயரமான பெண். பாத்தியில் உப்பு வாருகிற பெண்களையெல்லாம் அதட்டி வேலை வாங்குகிறவள். உப்பள முதலாளியே அவளிடம் பேசும்போது துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிடுவார். அவளுடைய இடது குதிகால் ஓரத்தில் ஒரு புண். நாலு மாதமாக ஆறவில்லை. உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிற கால். வெடிப்பும் புண்ணும் அங்கே எல்லோருக்கும் உண்டு. ஆனால் மற்றவர்களுக்கு ஆறும், இவளுக்கு ஆறவில்லை. டாக்டர் இரண்டடி தள்ளி நின்று பார்த்து மருந்து சொல்வார், நான் கட்டுவேன். அவள் வீட்டுக்குப் போனதும் அதைப் பிரித்துவிட்டு, மடியிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்து, புண்ணில் ஒரு சிட்டிகை வைத்து அழுத்திவிடுவாள்.

டாக்டருக்கு இது தெரிந்த அன்று அவர் சோப்பு போடாமலே கை கழுவினார். அவ்வளவு கலக்கம்.

"ஏம்மா, பொடியை வெச்சா சீழ் பிடிக்கும், காலையே எடுக்க வேண்டி வரும்னு எத்தனை தடவை சொல்றது?"

"உங்க மருந்த வெச்சாலும் ஆறல, பொடிய வெச்சாலும் ஆறல. பொடி வெச்சா தும்மலாச்சும் வருது சார்."

ஒரு வாரம் கழித்து டாக்டர் கையில் ஒரு செய்தித்தாளோடு வந்தார். மெட்ராஸில் ஒரு பழைய பங்களாவில், யாரோ ஒரு பெரியவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பழைய வைத்தியக் கருவிகளை வைத்து மருத்துவ வரலாற்று மியூசியம் திறந்திருக்கிறார்கள். "கோவிந்தராசு, இந்த ஜனங்களுக்கு நாம சொன்னாப் புரியாது. கண்ணால காட்டணும். சுத்தம் இல்லாத காலத்துல மனுஷன் எப்படிச் செத்தான்னு பாத்தா, அந்தம்மா பொடி டப்பாவைத் தூக்கி எறிஞ்சிடும்."

மழைக்காலம், பாத்திகளில் வேலை இல்லை. முதலாளியின் லாரி மூட்டை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போகிறது. அதிலேயே போய் வரலாம் என்று ஏற்பாடு. நான் அஞ்சலாட்சியிடம் போய் மியூசியம் என்றேன்.

"இன்னாது அது? செத்த காலேஜா, உயிர் காலேஜா?"

மெட்ராஸில் மிருகங்களை உயிரோடு வைத்திருக்கும் இடம் உயிர் காலேஜ். பாடம் பண்ணி வைத்திருக்கும் இடம் செத்த காலேஜ். அக்காலத்தில் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லும்.

"செத்த காலேஜுதாங்கா. ஆனா வைத்தியம் பத்தினது."

"வைத்தியம் பாத்துச் செத்தவங்களா?"

"அப்படியும் வெச்சிக்கலாம்."

அவள் யோசித்தாள். "மொதல்ல செத்தது, அப்புறம் உயிரு. சிங்கத்தக் காட்டறதா இருந்தா வர்றோம். டாக்டருகிட்ட சொல்லிடு தம்பி." டாக்டர் சிங்கத்துக்கு ஒப்புக்கொண்டார். அவளோடு ஆறு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

விடியற்காலையில் கிளம்பினோம். டாக்டர் டிரைவர் பக்கத்தில், இருக்கையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார். எதையும் பிடித்துக்கொள்ள மாட்டேன் என்றதால், ஒவ்வொரு வளைவிலும் செய்தித்தாளோடு வழுக்கிப் போய் டிரைவர் மடியில் சாய்ந்தார். திண்டிவனம் போவதற்குள் டிரைவர் அவரிடம் ரொம்ப நாள் பழக்கம் போலப் பேச ஆரம்பித்துவிட்டார். நாங்கள் எட்டுப் பேர் பின்னால் உப்பு மூட்டைகளின் மேல், தலைக்கு மேல் தார்ப்பாய். செங்கல்பட்டு வரை மழை. மூட்டைகள் கசிந்து புடவையெல்லாம் உப்பு நீர். மெட்ராஸில் நல்ல வெயில். பங்களா வாசலில் எங்களை இறக்கிவிட்டு லாரி மூட்டை இறக்கப் போய்விட்டது. என் முதலுதவிப் பெட்டியும் அதோடு போய்விட்டது. இறங்கி நின்றபோது எல்லாப் புடவைகளும் காய்ந்து வெள்ளை பூத்து அப்பளம் போல விறைத்திருந்தன. பெண்கள் நடந்தால் மொடமொடவென்று சத்தம் கேட்டது.

மியூசியத்தின் காப்பாளர் பெயர் ஞானமுத்து. வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். திறந்ததிலிருந்து ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் வந்ததே இல்லை போலிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு அறையிலும் 'எதையும் தொடாதீர்கள்' என்று பலகை. டாக்டர் அந்தப் பலகைகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலில் கூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிம்மதியாக நடந்தார்.

அட்டைப் புழு வளர்த்த பீங்கான் ஜாடி இருந்தது, மூடியில் ஓட்டைகளோடு. குழந்தைகளுக்கு மருந்து புகட்டிய வெள்ளிப் பாலாடை இருந்தது. காலை அறுத்தெடுக்கும் ரம்பம் ஒன்று பிடியில் யானைத்தந்தம் பதித்து இருந்தது. அதன் எதிரில் டாக்டர் நின்று, "பாத்தீங்களா? சுத்தம் தெரியாத காலத்துல சின்னப் புண்ணுக்கே இதுதான் கதி" என்று அஞ்சலாட்சியைப் பார்த்தார். அவள் கவனம் வேறெங்கோ இருந்தது.

"டிரெஸ்ஸர் தம்பி, இது நம்ம ஆஸ்பத்திரி அடுப்பாச்சே! எப்ப இங்க தூக்கியாந்தீங்க?"

கண்ணாடிக்குள் ஒரு செம்புப் பெட்டி. கருவிகளைக் கொதிக்க வைக்கிறது. அதே மூடி, அதே வளைந்த கைப்பிடி.

"அது எப்பவோ வழக்கத்தை விட்டுப் போன கருவிம்மா" என்றார் காப்பாளர் அன்போடு.

"முந்தாநேத்துகூட இவரு இதுல ஊசி வேவ வெச்சாரே!"

காப்பாளர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். இவனையும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் என்ன என்று யோசித்தது போல இருந்தது.

நடு அறைக்கு வந்தோம். மேஜைமேல் ஒன்றரை அடி நீளத்தில் ஒரு பித்தளைப் பீச்சாங்குழல், கண்ணாடிக்குள் இல்லாமல் வெளியே கிடந்தது. ஆணி கழன்ற பெட்டியைச் சரிசெய்வதற்காக வெளியே எடுத்து வைத்திருந்தார்களாம். உந்துதண்டின் முனையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு வளையம். அதைப் பார்த்ததும் டாக்டருக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். "இதைப் பாருங்கம்மா. இதுதான் இந்தக் கால ஊசிக்குத் தாத்தா. இப்படித்தான் பிடிப்பாங்க." சொல்லிக்கொண்டே, அது எப்படித்தான் நடந்ததோ, பத்து வருஷமாகத் திறக்கிற கதவையே தொடாத மனிதர், வலது கட்டைவிரலை அந்த வளையத்துக்குள் விட்டு அதைத் தூக்கிக் காட்டினார்.

"இத வெச்சி இன்னா சார் பண்ணுவாங்க?" என்றாள் அஞ்சலாட்சி.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் காப்பாளர் பெருமையோடு சொன்னார்: "மலச்சிக்கலுக்கும்மா. பின்பக்கமா விட்டு மருந்துத் தண்ணியை ஏத்துவாங்க. ஒரு ஜமீன்ல நாலு தலைமுறை இதையே பயன்படுத்தினாங்க."

டாக்டர் அசையவில்லை. "இதைக் கழுவி இருக்கீங்களா?" என்று கேட்டார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கழுவக் கூடாதே சார். கழுவினா பழமை போயிடும்."

டாக்டர் விரலை வெடுக்கென்று இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். குழல் ஆடியது, விரல் வரவில்லை. இழுக்க இழுக்கக் கணு வீங்கியது. சட்டைப் பையிலிருந்து சோப்பை எடுக்கச் சொன்னார். காப்பாளர் அறையில் இருந்த பானைத் தண்ணீரைத் தொட்டு நுரை வரத் தேய்த்தேன். வரவில்லை. ஒரு பெண் தன் தலையிலிருந்து வழித்த தேங்காய் எண்ணெயைத் தடவினாள். விரல் பளபளத்ததே தவிர வரவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் சார்" என்றேன்.

"அங்கே என்கூடப் படிச்சவன்தான் இருக்கான்." டாக்டர் குழலைப் பார்த்தார். "இதோட நான் அங்கே போக மாட்டேன்."

"அப்ப வளையத்த அரத்த வெச்சி அறுத்துறலாம்" என்றேன்.

காப்பாளர் குறுக்கே வந்து நின்றார். "அறுக்கக் கூடாது! இது மாதிரி இந்தியாவிலேயே வேற இல்ல!"

"என் கட்டைவிரல் மாதிரியும் வேற இல்லய்யா!" என்று டாக்டர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கும்தான். ஆனால் விரலைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நுனி எங்கள் நிலையத்து ஊதா மருந்தின் நிறத்துக்கு வந்திருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. டாக்டர் என் காதருகே குனிந்து சன்னமாகச் சொன்னார்: "வலது கட்டைவிரல். இது போச்சுன்னா நான் டாக்டரே இல்லை, கோவிந்தராசு."

பயிற்சியின்போது ஒருநாள், ஒரு தலைமை நர்ஸ் வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தை நூலால் கழற்றியதைக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி, செய்ததில்லை. செய்ததில்லை என்று டாக்டரிடம் சொல்லவில்லை.

முதலில் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன், வீக்கம் வடிய. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, பதில் தெரிந்த மாணவன் மாதிரி கையைத் தூக்கினார். குழல் தொங்காமல் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். விரலில் ஈரத்துணி சுற்றினேன். பத்து நிமிஷம் அப்படியே. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குடும்பம் எட்டிப் பார்த்தது. "இது எந்தக் காலத்து வைத்தியம்?" என்று அந்த அம்மாள் கேட்க, காப்பாளர் என்ன சொல்வதென்று தெரியாமல், "இன்னிக்கு விடுமுறை" என்று கதவைச் சாத்தினார்.

அடுத்தது நூல். மெல்லியதாக, உறுதியானதாக, முடிச்சில்லாமல் இரண்டு முழம் வேண்டும். காப்பாளரிடம் நூல்கண்டு இல்லை. ஒவ்வொரு பொருளிலும் பெயர்ச்சீட்டு மட்டும் நூலில் கட்டித் தொங்கியது. "சீட்டை எடுத்தா வரலாறே போயிடும்" என்று அவர் கெஞ்சினார். அஞ்சலாட்சி அதற்குள் ரம்பத்தின் சீட்டை அவிழ்த்துவிட்டாள். அந்த நூல் பாதியில் அறுந்தது. பாலாடையின் நூலும் அறுந்தது. மூலையில் நின்ற எலும்புக்கூட்டின் கழுத்தில் சீட்டு நீளமாக, புது நூலில் தொங்கியது. "மன்னிச்சிக்கோ சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதைக் கும்பிட்டுவிட்டு நூலை எடுத்து வந்தாள்.

அவளுடைய கொண்டை ஊசியை வாங்கி, நூலின் ஒரு முனையை வளையத்துக்கு அடியில் மணிக்கட்டுப் பக்கமாகச் செருகி வெளியே இழுத்தேன். மறு முனையை வளையத்தை ஒட்டி, விரல்மேல் இடைவெளி விடாமல் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே கணுவைத் தாண்டி நுனிவரை போனேன். நூல் இறுக இறுக வீக்கம் அடங்கும். பிறகு மணிக்கட்டுப் பக்கத்து முனையைப் பிடித்து, நுனியைப் பார்த்து ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு சுற்று பிரிந்தால் வளையம் ஒரு நூல் அளவு முன்னால் நகரும். சொல்லும்போது எளிது. விரலுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எளிதல்ல.

"விடு, விடு, வலிக்குது! ஏம்மா, என் கையைப் பிடிக்காதே!"

அவர் மணிக்கட்டை அஞ்சலாட்சி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வருஷக்கணக்காக உப்பு வாரும் பலகை பிடித்து அரம் மாதிரி ஆகிவிட்ட உள்ளங்கைகள்.

"புடிக்காம எப்படி சார் எடுக்கறது? உங்கள மாதிரி ரெண்டடி தள்ளி நின்னுக்கினு 'வா, வா'ன்னா வந்துருமா?"

பெண்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். அதன்பிறகு கையை இழுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அழாதீங்க சார். ஆச்சி, ஆச்சி. டேய் தம்பி, சீக்கிரம் சுத்துடா, பாவம்."

கணுவில் வளையம் நின்றுவிட்டது. கொஞ்சம் எண்ணெய், இன்னொரு சுற்று, இன்னும் ஒன்று. சட்டென்று வளையம் வழுக்கி வெளியே வர, அதை இழுத்துப் பிடித்திருந்த இரண்டு பெண்களும் பித்தளைக் குழலோடு மல்லாந்து விழுந்தார்கள். காப்பாளர் ஓடிவந்து தூக்கினார், குழலை.

விரலுக்கு மெல்ல ரத்தம் திரும்பியது. தோல் மட்டும் உரிந்திருந்தது. அஞ்சலாட்சி மடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். "கொஞ்சம் பொடி வெக்கட்டுமா சார்?"

"வேணாம்மா."

"உங்க மருந்த மட்டும் நான் வெச்சிக்கணும். என் மருந்து உங்களுக்கு வேணாம். நல்ல ஞாயம்!"

பெண்கள் அவசர அவசரமாகச் சீட்டுகளைத் திரும்பக் கட்டினார்கள். அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. நாங்கள் வெளியேறியபோது எலும்புக்கூட்டின் கழுத்தில் 'குழந்தைகளுக்கு மருந்து புகட்டியது' என்ற சீட்டு தொங்கியது. ரம்பத்தில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உயிர் காலேஜுக்கு நேரமில்லை. சிங்கத்தைப் பார்க்காத கோபத்தில் ஊர் வந்து சேரும்வரை ஏழு பேரும் டாக்டரோடு பேசவில்லை.

மறுநாள் காலை அஞ்சலாட்சி நிலையத்துக்கு வந்தாள். கட்டுப் போடுவதற்கு அல்ல, கொண்டை ஊசியைக் கேட்டு. டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். வலது கட்டைவிரலில் நான் போட்ட பெரிய கட்டு. அதனால் அவருக்கு இருந்தது இடது கை மட்டும். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். மடியில் ஒரு துண்டை விரித்து, "காலை இதுமேல வைம்மா" என்றார்.

அவளுக்கே கூச்சமாகிவிட்டது. "அய்யே, வேணாங்க சார். அழுக்குக் காலு."

"வைம்மா."

வைத்தாள். கிருமி நீக்கிய உப்புத் தண்ணீரை நான் ஊற்ற, அவர் கழுவினார். "உப்பால வந்த புண்ணுக்கு உப்புத் தண்ணியா?" என்று அவள் முணுமுணுத்தாள். டாக்டர் இடது கை விரல்களால் புண்ணின் ஓரத்தை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். குதிகாலின் உள்பக்கம் வந்ததும் நின்றார். மறுபடி அழுத்தினார்.

"கோவிந்தராசு, இங்கே கையை வை."

வைத்தேன். நாலு மாதமாக நானே கட்டுப் போட்ட கால். புண்ணை மட்டும் கழுவியிருக்கிறேன். அதைச் சுற்றி அழுத்திப் பார்த்ததில்லை. தோலுக்கு அடியில், அரிசியை விடப் பெரியதாக ஏதோ ஒன்று கெட்டியாக உட்கார்ந்திருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டோம். டாக்டரால் கத்தி பிடிக்க முடியாது. அவர் விரலால் இடத்தைக் காட்ட, நான் அரை அங்குலம் கீறினேன். இடுக்கியை விட்டு மெல்ல இழுத்ததும் அது வந்தது: ஒரு மட்டி ஓட்டின் துண்டு, கறுத்து, கூராக. எப்போதோ பாத்தியில் மிதித்திருக்கிறாள்.

அஞ்சலாட்சி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தினி நாளா என்கூடவே நடந்துச்சா இது?"

"நாலு மாசமா நான் கண்ணாலயே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார் டாக்டர். எங்கள் இருவரில் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

தை பிறந்து பாத்திகளில் தண்ணீர் பாய்ச்சுவதற்குள் அவள் கால் ஆறிவிட்டது. அவள் சும்மா இருப்பாளா? மெட்ராஸில் டாக்டர் அழுததையும், தன் காலை அவர் மடியில் வைத்ததையும் உப்பளம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஒரு காலை வேளை டாக்டரும் நானும் உப்பளத்துக்குப் போனபோது, வரப்பின்மேல் நீளமாக ஒரு வரிசை நின்றது. மறைத்து வைத்திருந்த புண்களெல்லாம் வெளியே வந்திருந்தன. டாக்டர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு காலாக மடியில் ஏறி இறங்கியது. நடுவில் ஒருமுறை வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, சோப்பு டப்பாவைத் திறந்தார். அவ்வளவுதான்.

வரிசையின் கடைசியில் ராஜகண்ணு என்ற காவல்காரர் நின்றார். உப்பு அம்பாரங்களைக் காவல் காக்கிறவர், அறுபது வயதிருக்கும்.

"உங்களுக்கு எங்கே புண்ணு?" என்றார் டாக்டர்.

"புண்ணெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. எல்லாரும் நிக்கிறாங்களே, இன்னாவோ குடுக்கறாங்கன்னு நின்னேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டாக்டர் எழப் போனவர், மறுபடி உட்கார்ந்தார். "நின்னது நின்னீங்க. காலை வைங்க, பார்த்துடலாம்."

தடவிக்கொண்டே வந்தவர் கணுக்காலுக்கு மேல் ஓர் இடத்தில் நின்றார். தோல் அங்கே சற்று வெளுத்திருந்தது. உப்புப் பூத்தது என்று யாரும் கடந்துபோகிற அளவுக்கு. என்னிடம் கொஞ்சம் பஞ்சு கேட்டு, அதைத் திரி போல முறுக்கினார்.

"கண்ணை மூடிக்குங்க. நான் தொடற எடத்தை விரலால காட்டணும்."

ராஜகண்ணு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விரலை நீட்டித் தயாராக இருந்தார். டாக்டர் பஞ்சால் அந்த இடத்தைத் தொட்டார். மறுபடி தொட்டார். மூன்றாவது முறை கொஞ்சம் அழுத்தினார். விரல் அசையவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார்: "எப்ப ஐயா தொடப் போறீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பாத்தியைப் பார்த்தேன். நோயின் பெயரைச் சொன்னால் அந்த மனிதரை ஊருக்குள் விடமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். டாக்டர் அவர் காலைத் துண்டால் துடைத்து மெல்லக் கீழே வைத்தார். "தோல்ல ஒரு சின்னக் கோளாறு. மாத்திரை இருக்கு. மாசா மாசம் வந்து வாங்கிக்கணும். விட்டுடக் கூடாது."

விடவில்லை. டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும் ராஜகண்ணு வருஷக்கணக்கில் வந்தார். ஆரம்பத்திலேயே பிடிபட்டதால் ஒரு விரல்கூட மடங்கிப்போகவில்லை, ஒரு புண்கூட வரவில்லை; கடைசிவரை இரண்டு காலாலும் நடந்து அம்பாரங்களைச் சுற்றி வந்தார். ஆனால் மாத்திரையை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, போகிறவர் மாதிரி வாசல்வரை போய், ஒவ்வொரு மாதமும் திரும்பி வந்து என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்:

"டிரெஸ்ஸரே, நெசத்தச் சொல்லு. அன்னிக்கி எனக்கு முன்னால நின்னவங்களுக்கெல்லாம் இன்னா குடுத்தீங்க?"